சங்கத்தில் சேர்ந்தால் ஆஸ்திரியப் பொருளியல் வளருமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் போன்ற அமைப்பில் உறுப்பினரானால் ஆஸ்திரியப் பொருளியலுக்கு (வியன்னாவில் தோன்றிய, விலையையும் சந்தையையும் தனிமனிதர்களின் தெரிவுகளிலிருந்து விளக்கும் சிந்தனைப் பள்ளிக்கு) ஏதாவது பயன் உண்டா என்று இளம் ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் சேர்ந்ததாலேயே ஒரு கருத்தும் பரவிவிடாது. இதில் ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

"அது எதிர்முகாம், நமக்கு அங்கே என்ன வேலை" என்று ஒதுங்குவது முதல் தவறு. இந்த வாதத்துக்கு ஒரு வரலாறு இருப்பது உண்மைதான். 1885இல் அந்தச் சங்கத்தைத் தொடங்குவதில் முன்னின்ற ரிச்சர்ட் ஈலி ஜெர்மனியில் படித்தவர். அங்கிருந்த சமூகக் கொள்கைச் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டவர். அந்த ஜெர்மன் சங்கத்தில் ஓங்கி ஒலித்த குரல் குஸ்தாவ் ஷ்மோலருடையது. ஆஸ்திரியப் பள்ளியின் நிறுவனர் கார்ல் மெங்கரோடு 1880களில் ஆய்வுமுறை குறித்துக் கடுமையாக மோதிய அதே ஷ்மோலர். ஆனால் மெங்கரின் வழிவந்த லுட்விக் ஃபான் மீசஸ் என்ன செய்தார்? அந்த ஜெர்மன் சங்கத்திலேயே உறுப்பினராக இருந்தார். மதிப்புக் கோட்பாடு பற்றி அது 1931இல் வெளியிட்ட தொகுப்பை ஆர்தர் ஷ்பீட்ஹாஃபுடன் சேர்ந்து பதிப்பித்தார். மறு ஆண்டு டிரெஸ்டனில் நடந்த கூட்டத்தில் அதே பொருள் பற்றிய விவாதத்தில் கலந்துகொண்டார். சமரசத்துக்கு இடம் கொடுக்காதவர் என்று பெயர் பெற்ற அவரே இப்படி இருந்தார் என்றால், ஒதுங்கி நிற்பதைக் கொள்கைப் பிடிப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இதற்கு நேர் எதிரான தவறு, பதவியையும் பட்டத்தையும் நம்புவது. வியன்னாவில் மீசஸின் தனிக் கருத்தரங்கில் பங்கேற்றவர்கள் கோட்ஃபிரீட் ஹாபர்லரும் ஃபிரிட்ஸ் மாக்லுப்பும். ஹாபர்லர் 1963இலும் மாக்லுப் 1966இலும் அமெரிக்கச் சங்கத்தின் தலைவர்களாக இருந்தார்கள். 1969இல் மீசஸுக்கே அச்சங்கம் சிறப்பு மதிப்புறுநிலை வழங்கியது. இத்தனைக்கும் அந்த ஆண்டுகளில் வகுப்பறைகளில் கோலோச்சியது, அரசின் செலவாலும் கொள்கையாலும் பொருளாதாரத்தைச் சீர்படுத்தலாம் என்ற கெயின்ஸியம். சங்கத்தின் விதியே எந்தப் பக்கமும் சாய்வதில்லை, நடைமுறைப் பொருளாதாரச் சிக்கல்களில் உறுப்பினர்களை எந்த நிலைப்பாட்டுக்கும் கட்டுப்படுத்துவதில்லை என்பதுதான். அதைக் கைப்பற்றினாலும் ஒரு கோட்பாட்டைத் தீர்மானம் போட்டு நிறைவேற்ற முடியாது. ஆஸ்திரியப் பள்ளியின் மறுமலர்ச்சிக்கு வித்திட்டது 1974 ஜூனில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தின் சவுத் ராயல்டன் என்ற சிற்றூரில் நடந்த சிறு மாநாடு. அப்பள்ளியின் பொருளியலாளர்களான கிர்ஸ்னர், லாக்மன், ராத்பார்ட் மூவரும் அங்கே உரையாற்றினார்கள்.

உறுப்பினர் என்பதைத் தகுதிச் சான்றுபோல் காட்டுவதும் வேண்டாம். சந்தா கட்டும் எவரும் அந்தச் சங்கத்தில் சேரலாம்.

அப்படியானால் சங்கத்தால் கிடைப்பதுதான் என்ன? நம்மோடு உடன்படாத வாசகர்கள். அவர்களை எப்படி அணுகுவது என்பதற்கு ஆஸ்திரியப் பள்ளியின் ஹயெக்கைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. சமூகத்தில் அறிவு எப்படிப் பயன்படுகிறது என்ற அவரது கட்டுரை 1945 செப்டம்பரில் அதே சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. உலகில் எங்கோ வெள்ளீயத்துக்குப் புதிய பயன் ஒன்று கிடைக்கிறது, அல்லது ஒரு சுரங்கம் வற்றுகிறது. இரண்டில் எது நடந்தது என்று வெள்ளீயம் வாங்குபவருக்குத் தெரிய வேண்டியதில்லை. விலை ஏறியிருக்கிறது என்பது தெரிந்தால் போதும், சிக்கனமாகப் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார். யாரும் ஆணையிடாமலே பற்றாக்குறைச் செய்தி பரவிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள மெங்கரையோ மீசஸையோ முன்பே ஏற்றிருக்க வேண்டியதில்லை. மையத் திட்டமிடல் பற்றி அப்போது எல்லோரும் விவாதித்துக்கொண்டிருந்த கேள்விக்குள் அவர் நேராக நுழைந்தார். 2011இல் அந்த இதழின் நூறாண்டுக்கால வெளியீடுகளிலிருந்து மிகச் சிறந்த 20 கட்டுரைகளை ஒரு குழு தேர்ந்தெடுத்தபோது அதில் இதுவும் இடம்பெற்றது. அந்தக் குழுவில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்கள் ஆரோவும் சோலோவும் இருந்தார்கள். இருவரும் ஆஸ்திரியப் பள்ளியினர் அல்லர்.

ஆகவே, மாநாட்டுக்குப் போய் நம்மவர் அமர்வுகளிலேயே அடைந்து கிடப்பதைத்தான் பெருந்தவறு என்பேன். 1996இல் உருவான ஆஸ்திரியப் பொருளியல் வளர்ச்சிக் கழகம், அமெரிக்கத் தென்மாநிலப் பொருளாதாரச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டோடு சேர்த்தே தன் கூட்டங்களை நடத்துவது நல்ல ஏற்பாடு. அடுத்த அறையில் பணக்கொள்கை பற்றியோ தொழில்முனைவு பற்றியோ அமர்வு நடக்கும். அங்கே போய்க் கேள்வி கேட்காவிட்டால் அந்த ஏற்பாடு வீண். கேட்கும்போதும் "மீசஸ் அன்றே சொல்லிவிட்டார்" என்று ஆரம்பிக்காதீர்கள்; பேசியவரின் வாதத்தில் எந்த இடத்தில் சிக்கல் இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

கட்டுரை அனுப்பும்போதும் இதே கவனம் தேவை. ஆய்வுக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்க அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் வைத்திருக்கும் வகைப்பாட்டில் தற்கால ஆஸ்திரிய அணுகுமுறைக்கு பி53 (B53) என்ற குறியீடு உண்டு. அதை மட்டும் போட்டால் பெரும்பாலும் நம்மவர் கண்ணில்தான் படும். வணிகச் சுழற்சி பற்றியது என்றால் இ32, தொழில்முனைவு பற்றியது என்றால் எல்26 குறியீட்டையும் சேர்த்துப் போடுங்கள்.