முதல் நாளில் எழுதப்படும் ஒரு வரி: வேலையில் காயம்பட்டவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணனின் வலது கைப் பெருவிரல் பவர் பிரஸ்ஸில் போன அன்று, அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர் பட்டறையின் சூப்பர்வைசர். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். "வீட்டு இரும்புக் கேட்டில் கை நசுங்கிவிட்டது" என்று சூப்பர்வைசரே பதில் சொன்னார். அண்ணன் அரை மயக்கத்தில் இருந்தார். மதினியிடம், "செலவு முழுவதும் முதலாளி பார்த்துக்கொள்வார், வேறு எதுவும் பேச வேண்டாம்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஒரு வரி மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ஏறியது. பின்னால் நாங்கள் இழப்பீடு கேட்டபோது, பட்டறைக்காரர் எடுத்து நீட்டிய முதல் காகிதம் அதன் நகல்தான்.

மதுரையைச் சுற்றிக் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டைகளிலும், செல்லூர்த் தறிகளிலும், மேலூர்ப் பக்கத்துக் கல் குவாரிகளிலும், நகரெங்கும் எழும்பும் கட்டடச் சாரங்களிலும் வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இழப்பீடு கிடைக்காமல் போவதற்குச் சட்டத்தைவிட, முதல் சில நாட்களில் பதற்றத்தில் நாம் சொல்வதும் கையெழுத்திடுவதுமே பெரும்பாலும் காரணமாகின்றன.

ஆகவே பொய்யான காரணத்தைச் சொல்லாதீர்கள், உடன் வந்தவரைச் சொல்லவும் விடாதீர்கள். எந்த இடம், எந்த இயந்திரம், எத்தனை மணி, யாரிடம் வேலை என்பதை அடிபட்டவரோ வீட்டாரோ டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அரசு இராசாசி மருத்துவமனை ஆனாலும் தனியார் மருத்துவமனை ஆனாலும் இதில் மாற்றமில்லை. காவலர் வாக்குமூலம் வாங்க வந்தால் அவரிடமும் அதையே சொல்லுங்கள். தவறான வரி ஏற்கெனவே ஏறிவிட்டதா? நினைவு தெளிந்த அன்றே மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் உண்மையை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நாங்கள் நான்கு மாதம் தாமதித்தோம். அந்த நான்கு மாதத்துக்கும் விசாரணையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து இயந்திரத்தில் நின்ற ஒரு தம்பி துணிந்து வந்து சாட்சி சொன்னதால்தான் வழக்கு நின்றது. உடன் வேலை பார்த்தவர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவதற்கு முன்பே குறித்து வையுங்கள்.

அடுத்த தவறு, எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் அலைவது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்கிறது என்றால், பெரும்பாலும் நீங்கள் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐக்குள் வருவீர்கள். அப்படியானால் முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்கச் சட்டம் இடம் தராது. ஊனப் பயனை இஎஸ்ஐ கழகத்திடம்தான் கேட்க வேண்டும். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். குணமாகும் வரை சராசரி நாள் கூலியில் 90 சதவீதமும், நிரந்தர ஊனம் என்றால் அதன் அளவுக்கு ஏற்ப வாழ்நாள் முழுவதும் மாதாமாதம் பணமும் வரும். முதலாளி சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும், கழகம் தொழிலாளிக்கு உரியதைக் கொடுத்துவிட்டு அந்த முதலாளியிடம் வசூலிக்க வழி இருக்கிறது. சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்தம் உண்டா, அட்டை இருக்கிறதா என்பதை விபத்து நடப்பதற்கு முன்பே பார்த்து வையுங்கள்.

இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம்தான் இத்தனை காலமும் துணை நின்றது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020 நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பிடித்திருக்கிறது. இழப்பீட்டுக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. கணக்கிடும் முறை பழையதுதான். மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதைச் சட்டம் ஒவ்வொரு வயதுக்கும் தரும் காரணி எண்ணால் பெருக்க வேண்டும். அது முழு நிரந்தர ஊனத்துக்கான தொகை. ஓர் உறுப்பு மட்டும் போயிருந்தால், சட்டத்தின் அட்டவணை சொல்லும் சதவீதம் கிடைக்கும். பெருவிரலுக்கு 30, ஆட்காட்டி விரல் முழுவதும் போனால் 14.

இந்தக் கணக்கில் சம்பளத்தின் எடையைப் பாருங்கள். நாற்பது வயதுக்காரருக்கான காரணி எண் 184.17. கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 15,000 சம்பளம் என்று நிரூபித்தால், பெருவிரலுக்கு 4,97,259 ரூபாய். முதலாளி "எட்டாயிரம்தான் கொடுத்தேன்" என்று சொல்லி, உங்களிடம் மறுக்க ஆதாரம் இல்லாவிட்டால், அதே விரலுக்கு ஏறக்குறைய 2,65,200. சனிக்கிழமைக் கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கும் குறித்து வைக்காதது எவ்வளவு பெரிய இழப்பு! வங்கியிலோ ஜிபேயிலோ வாங்குங்கள். முடியாவிட்டால் ஒரு நோட்டில் தேதியும் தொகையும் எழுதி வாருங்கள். மேஸ்திரியின் வாட்ஸ்அப் செய்தி கூட உதவும்.

அட்டவணையில் இல்லாத காயங்களில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. காலில் கம்பி வைத்த கொத்தனாருக்கு டாக்டர் 20 சதவீத ஊனம் என்று சான்று தரலாம். ஆனால் அவரால் இனிச் சாரத்தில் ஏறவே முடியாது. சட்டம் கேட்பது உடல் ஊனத்தின் அளவை அல்ல, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை. சான்று வாங்கும்போது உங்கள் வேலை என்ன, அதில் எதைச் செய்ய முடியவில்லை என்பதை டாக்டரிடம் விளக்கிச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் ஊனச் சான்றை மட்டும் நீட்டிவிட்டு, கிடைத்ததை வாங்கிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்கவில்லை.

இப்போது கையெழுத்து. ஐம்பதாயிரத்தைக் கையில் கொடுத்து, "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அப்படி உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. சமரசம் என்றால் அதை இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை நியாயமற்றதாக இருந்தால் பதிய அவர் மறுக்கலாம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் "எல்லாம் முடிந்தது" என்று வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். எழுதாத தாளில் மட்டும் எந்தக் காரணத்துக்கும் கையெழுத்திடாதீர்கள். சிகிச்சைக்கு முதலாளி கட்டிய பணத்தை இழப்பீட்டில் கழிக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது வேறு, இது வேறு.

"உன் கவனக்குறைவுதான்" என்ற பேச்சுக்கும் தலைகுனிய வேண்டாம். கவனம் சிதறியதால் இழப்பீடு போகாது. குடித்திருந்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, காப்புச் சாதனத்தைத் தெரிந்தே கழற்றியது ஆகியவைதான் முதலாளிக்குத் துணை நிற்கும் காரணங்கள். மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் அவையும் எடுபடாது. கான்டிராக்டர் மூலம் வந்தவர் என்று ஆலை கைகழுவவும் முடியாது. ஆலையின் தொழிலுக்கான வேலை என்றால் ஆலை நிர்வாகமே பொறுப்பு. கொடுத்ததைக் கான்டிராக்டரிடம் வாங்கிக்கொள்வது அவர்கள் பாடு.

லாரி, வேன் ஓட்டுநர்கள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அல்லது இந்தச் சட்டத்தில் கேட்கலாம். இரண்டிலும் கேட்க முடியாது. மனு போடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் ஆலோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மரணம் நேர்ந்த வீடுகளில் நடக்கும் தவறு வேறு வகை. துக்க வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசி, முதலாளி தரும் தொகையை ஒருவர் கையில் வாங்கிவிடுகிறார்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பிறகு கேட்பாரில்லை. மரண இழப்பீட்டை அதிகாரியிடம் கட்ட வேண்டும், அவர்தான் சார்ந்திருந்தோருக்குப் பிரித்துக் கொடுப்பார் என்பதே சட்டம். மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணமாக நேரடியாகக் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

காலக்கெடு இரண்டு ஆண்டுகள். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். விபத்து நடந்த நாளையும் இடத்தையும் காயத்தையும் எழுதி முதலாளிக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நல வாரியத்தில் பதிவு பெற்ற கட்டுமானத் தொழிலாளர்கள் வாரிய உதவியையும் கேட்கலாம். அது வந்துவிட்டது என்பதற்காக முதலாளியின் கடமை தீர்ந்துவிடாது.

மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. திருப்பூரில் அடிபட்டு உசிலம்பட்டிக்குத் திரும்பிவிட்டவர், தாம் குடியிருக்கும் ஊருக்கு உரிய அதிகாரியிடமே கேட்கலாம். எங்கே, யாரிடம் என்று மதுரையில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். விபத்துப் பதிவேட்டின் நகல், சிகிச்சைச் சீட்டுகள், ஊனச் சான்று, கூலி நோட்டு, ஆதார், சாட்சிகளின் பெயர் ஆகிய ஆறையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அண்ணனின் பையில் முதல் நாள் ஐந்துதான் இருந்தன, கூலி நோட்டு இல்லை. மதினி பால் கணக்கு எழுதும் டைரியின் பின்பக்கத்தில், அவர் சனிக்கிழமைதோறும் கொண்டுவந்த பணத்தை இரண்டு ஆண்டுகளாகக் குறித்து வைத்திருந்தார். அந்த டைரியைத்தான் மறுநாள் எடுத்துக்கொண்டு போனோம்.