சின்ன ஃபிக்ஸட் பிளேடு கத்தி: அன்றாடம் கூடவே வைத்திருக்கத் தகுமா என்று சோதிப்பது எப்படி?

பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, வழியில் ஒரு கொய்யாப்பழம் நறுக்க என்று எப்போதும் ஒரு சின்னக் கத்தியைக் கூடவே வைத்திருப்பதை வெளிநாட்டுக் கத்திப் பிரியர்கள் ‘எவ்ரிடே கேரி’ என்கிறார்கள். பெரும்பாலும் எல்லோரும் மடக்குக் கத்தியில்தான் தொடங்குவார்கள். ஆனால் மாம்பழம் வெட்டினால் சாறு அதன் கீல் இடுக்கில் இறங்கிவிடும், மணலும் பஞ்சும் சேரும், கடைசியில் திறக்கவே அடம்பிடிக்கும். மடங்காத கத்தியில், அதாவது ஃபிக்ஸட் பிளேடில், கீலும் இல்லை, பூட்டும் இல்லை. குழாயில் காட்டித் துடைத்து உறையில் சொருகினால் வேலை முடிந்தது. பின்லாந்துக்காரர்கள் காலங்காலமாக இடுப்பில் தொங்கவிடும் புக்கோ கத்தி இந்த ரகம்தான்.

இங்கே நான் பேசப்போவது அலகு 5 முதல் 8 சென்டிமீட்டர் வரை உள்ள சின்னக் கத்திகளைப் பற்றி. உதாரணத்துக்கு இரண்டை வைத்துக்கொள்வோம். ஒன்று ஸ்வீடனின் மோரா நிறுவனம் செய்யும் எல்ட்ரிஸ்: 59 மில்லிமீட்டர் அலகு, 2 மில்லிமீட்டர் தடிமன், துருப்பிடிக்காத எஃகு, பிளாஸ்டிக் உறை. இன்னொன்று அமெரிக்காவின் எஸ்ஸீ இசுலா: ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் தடிமன், 1095 என்ற கார்பன் எஃகு, பிடியே ஓட்டை போட்ட வெறும் எஃகுச் சட்டம். இரண்டும் பெயர் பெற்றவை, குணத்தில் நேரெதிர். எந்தக் கத்தி கையில் இருந்தாலும் சோதிக்கும் முறை ஒன்றுதான்.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் “என்ன ஸ்டீல்?” என்றுதான் கேட்கிறார்கள். அதைக் கடைசியில் கேளுங்கள். கூரான விளிம்புக்கு மேலே அலகு எவ்வளவு மெல்லிசு, உறை எவ்வளவு நம்பகம் என்ற இரண்டும்தான் கத்தி தினமும் உங்களோடு வருமா, மேசை இழுப்பறைக்குப் போகுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

படி 1: எதை வெட்டுகிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு வாரம் கத்தரிக்கோலையோ சமையலறைக் கத்தியையோ எதற்கெல்லாம் தேடினீர்கள் என்று குறித்து வையுங்கள். அட்டைப்பெட்டி, டேப், சாக்குத் தையல், பழம், பிளாஸ்டிக் டேக் என்று வரும். விறகு பிளப்பது வராது. அது வராத பட்டியலுக்கு 4 மில்லிமீட்டர் தடிமன் எதற்கு என்று அப்போதே ஒரு கேள்வி எழும். எழட்டும்.

படி 2: சட்டம்

இதைத் தாண்டிவிட்டு வாங்காதீர்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. நம் சின்னக் கத்தி அந்த அளவுக்குக் கிட்டேகூட வராது. அதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்று அர்த்தம் இல்லை. விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். மெட்ரோ நிலையத்திலும் நீதிமன்ற வாசலிலும் பையைத் திறக்கச் சொல்வார்கள். கூட்டம், ஊர்வலம், பள்ளி வளாகம் பக்கம் போகிற நாளில் வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்திக்குத்தான் விலக்கு. மடங்காத கத்தி எத்தனை சின்னதாக இருந்தாலும், தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருந்தால் குற்றம். வேடிக்கை என்னவென்றால், மோரா கத்தி பிறக்கிற ஸ்வீடனிலேயே பொது இடத்தில் கத்தி வைத்திருக்க நியாயமான காரணம் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

படி 3: அளந்து பாருங்கள்

ஒரு வெர்னியர் காலிப்பர் வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் காலிப்பரே போதும்.

முதலில் முதுகின் தடிமன். பிடிக்குப் பக்கத்தில் ஒரு முறை, முனைக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் ஒரு முறை அளந்து எழுதுங்கள். முனை வரை ஒரே தடிமனாகப் போகிற அலகு குத்தித் துளைக்கும் வேலையில் திணறும். மெலிந்துகொண்டே போவது டேப்பின் அடியில் சுலபமாக நுழையும், ஆனால் எதையாவது நெம்பினால் முனை ஒடியும்.

அடுத்ததுதான் முக்கியம். கத்தியின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கடைசியாகத் தீட்டிய குறுகலான பட்டை ஒன்று பளபளக்கும். அந்தப் பட்டை முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, காலிப்பரின் தாடைகளை மெல்ல வைத்து அளக்க வேண்டும். அழுத்தாதீர்கள், விளிம்பில் உரசவும் விடாதீர்கள். 0.4, 0.5 மில்லிமீட்டர் என்று வந்தால் அந்தக் கத்தி நன்றாக நறுக்கும். 0.8-ஐத் தாண்டினால் முரட்டு வேலைக்குத் தாங்கும், ஆனால் அட்டையிலும் ஆப்பிளிலும் கை வலிக்கும். முதுகு தடித்திருந்தாலும் இந்த இடம் மெலிந்திருந்தால் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். இந்த இடம் தடித்துவிட்டால், எவ்வளவு தீட்டினாலும் கத்தி ஆப்பு மாதிரிதான் இறங்கும்.

எல்ட்ரிஸ் போன்ற ஸ்காண்டி சீவலில் இந்த அளவு பயன்படாது. அதில் தனியாகக் குறுகலான பட்டை கிடையாது. அலகின் பக்கவாட்டில் பாதிக்குக் கீழே தொடங்கும் சரிவு நேராக விளிம்பில் போய் முடிகிறது. அதனால் எல்லாக் கத்திகளையும் ஒப்பிட இன்னொரு அளவையும் எடுங்கள்: விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் மேலே தடிமன் எவ்வளவு? ஸ்கெட்ச் பேனாவால் அங்கே ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் இடம் மாறாது. ஸ்காண்டி அலகு அந்த உயரத்தில் ஏறக்குறைய முழுத் தடிமனுக்கே வந்திருக்கும். மரம் சீவ அது அருமை, ஏனென்றால் அந்தச் சரிவே மரத்தில் படிந்து வழிகாட்டும். கேரட்டைப் போன்ற கெட்டியான காயில் அதே சரிவு நறுக்காமல் பிளந்து தள்ளும். 2 மில்லிமீட்டர்தான் என்பதால் எல்ட்ரிஸில் அது பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு இருக்கிறது.

எடையையும் சமையலறைத் தராசில் போட்டுப் பாருங்கள். உறையோடு சேர்த்துத்தான். விளம்பரத்தில் பல நேரம் கத்தியின் எடையை மட்டும் போட்டிருப்பார்கள்.

படி 4: பிடி

சின்னக் கத்தியில் நாலு விரலும் அமர்வது அரிது. மூன்று விரல் உறுதியாக அமர்ந்தால் போதும். ஈரக் கையோடு, அப்புறம் கொஞ்சம் எண்ணெய் தடவிய கையோடு பிடித்து, மரப்பலகையில் முனையை லேசாக ஊன்றிப் பாருங்கள். விரல் முன்னோக்கி நழுவி விளிம்புக்குப் போகுமா? விளிம்புக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு திட்டோ மேடோ தடுக்க வேண்டும். இது இல்லாத கத்தியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஒரு பழைய துடைப்பக் குச்சியை எடுத்து ஐந்து நிமிடம் சீவுங்கள். உள்ளங்கையில் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். இசுலா போன்ற வெறும் சட்டப் பிடிகளில் ஓரங்கள் அழுத்துவது தெரியும். பலர் அதில் பாராகார்டு கயிறு சுற்றிக்கொள்கிறார்கள், அல்லது பக்கத் தகடு வாங்கி முடுக்குகிறார்கள். அந்தச் செலவையும் தடிமனையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

எஃகு பிடியின் கடைசி வரை ஓடுகிறதா என்று பெரிய விவாதமே நடக்கும். 6 சென்டிமீட்டர் அலகில், கட்டையால் அடித்து விறகு பிளக்கப் போவதில்லை என்றால், அது பெரிய விஷயம் இல்லை.

படி 5: உறை

மடக்குக் கத்தி தன் விளிம்பைத் தானே மூடிக்கொள்ளும். இங்கே அந்தப் பொறுப்பு முழுக்க உறையுடையது. நல்ல கத்தியும் மோசமான உறையும் சேர்ந்தால், அதை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்காரக் கூடாது.

தரையில் தடிமனான போர்வையை மடித்துப் போடுங்கள். உறையில் கத்தியைச் சொருகி, பிடி கீழே தொங்கும்படி உறையைப் பிடித்து நன்றாக உதறுங்கள். காலையும் இன்னொரு கையையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தால் சோதனை அங்கேயே முடிந்தது. விழவில்லை என்றால், இப்போது ஒரு கையால் எடுங்கள். கட்டைவிரலால் உறையின் விளிம்பைத் தள்ளினால் கத்தி ‘டக்’ என்று விடுபட வேண்டும். பலம் போட்டு இழுத்துத்தான் வருகிறது என்றால், விடுபடுகிற கணத்தில் கை கட்டுப்பாடில்லாமல் வெளியே பாயும். அந்தப் பாய்ச்சலில்தான் பக்கத்தில் நிற்பவருக்குக் காயம் படும். பத்திருபது தடவை எடுத்துச் சொருகிய பிறகு மறுபடி உதறிப் பாருங்கள், சில உறைகள் அதற்குள்ளேயே தளர்ந்துவிடும்.

கைடெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிக் கத்தியின் மேல் அழுத்தி வார்க்கும் உறைகள் இப்போது அதிகம். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா பாருங்கள். மணல் உள்ளே போனால் அலகில் கீறல் விழும், அழகுக்கு மட்டுமே குறை. தோல் உறை சத்தம் போடாது, உடம்பில் உறுத்தாது. ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சென்னை மாதிரி கடலோர ஊரில், வியர்வையில் நனைந்த தோல் உறைக்குள் கார்பன் எஃகை இரவு முழுக்க விட்டால் காலையில் துருப்புள்ளி தெரியும்.

எங்கே மாட்டுவது? கழுத்தில் தொங்கவிடுவதாக இருந்தால், இழுத்தால் தானே விடுபடும் கொக்கி அந்தக் கயிற்றில் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் எதிலாவது மாட்டிக் கழுத்தை நெரிக்கும். முதுகுப் பக்கம் பெல்ட்டில் படுக்கை வாட்டில் மாட்டுவது படத்தில் நன்றாக இருக்கும், வழுக்கி விழுந்தால் முதுகெலும்பு அதன் மேல்தான் விழும். நான் பேன்ட் பாக்கெட்டின் உள்ளே, உறையைச் சின்னக் கயிற்றால் பெல்ட்டோடு கட்டி வைப்பதையே விரும்புகிறேன். கத்தியை இழுத்தால் உறை பாக்கெட்டிலேயே தங்கிவிடும். வெளியே தெரியாததால் பார்க்கிறவர்கள் முகமும் மாறாது.

படி 6: வெட்டிப் பாருங்கள்

விரலோ தொடையோ வெட்டும் திசையில் இருக்கக் கூடாது. இது ஒன்றுதான் விதி.

முதலில் செய்தித்தாள். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அலகின் அடியிலிருந்து முனை வரை இழுத்து வெட்டுங்கள். எங்காவது கிழிந்தால் அந்த இடத்தில் பிசிறோ பல்லோ இருக்கிறது. கொஞ்சம் பஞ்சை விளிம்பின் மேல் ஓட்டினால் அது சிக்கும் இடம் துல்லியமாகத் தெரியும்.

பிறகு அட்டைப்பெட்டி. உள்ளே இருக்கும் நெளிகளுக்குக் குறுக்கே, ஒரே நீளப் பட்டைகளாக வெட்டிக்கொண்டே போங்கள். சில பட்டைகளுக்கு ஒரு முறை செய்தித்தாளில் சோதியுங்கள். எத்தனையாவது பட்டையில் தாள் கிழியத் தொடங்கியது என்று குறியுங்கள். அட்டை மிருதுவாகத் தெரிந்தாலும் விளிம்பை அரிக்கும் சமாச்சாரம். ஷெஃபீல்டில் உள்ள காட்ரா ஆய்வு நிறுவனத்தின் இயந்திரச் சோதனையிலும், சிலிக்கா கலந்த அட்டையைத்தான் கத்தியால் திரும்பத் திரும்ப வெட்ட வைக்கிறார்கள். உங்கள் எண்ணை அதோடு ஒப்பிட முடியாது. உங்கள் இரண்டு கத்திகளை, ஒரே பெட்டியில், ஒரே கோணத்தில் தீட்டி ஒப்பிடலாம்.

தேங்காய் நார்க் கயிறு, கேரட், தக்காளி. கயிற்றில் அறுக்காமல் அழுத்தி மட்டும் வெட்டப் பாருங்கள். கேரட்டில் ‘பட்’ என்ற சத்தத்தோடு வில்லை தெறித்தால் அது பிளவு, நறுக்கு இல்லை. படி 3-இல் எடுத்த எண் ஏன் அவ்வளவு முக்கியம் என்று அப்போது தெரியும். ஆப்பிளையும் வெட்டிப் பாருங்கள், 59 மில்லிமீட்டர் அலகு பெரிய ஆப்பிளை ஒரே வெட்டில் கடக்காது, சுற்றிச் சுற்றித்தான் வெட்ட வேண்டும். அது உங்களுக்கு எரிச்சலூட்டினால் அடுத்த அளவுக்குப் போங்கள்.

பெயின்ட் டப்பா மூடியை நெம்புவது, ஆணியை வெட்டுவது போன்ற யூடியூப் சாகசங்கள் வேண்டாம். கத்தி ஒடியும் என்பது மட்டுமே அதில் தெரிந்துகொள்ள முடியும்.

படி 7: இப்போது எஃகு

எல்ட்ரிஸில் இருக்கும் 12சி27 எஃகில் குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல். துருவை நன்றாகத் தாங்கும், சீக்கிரம் தீட்டலாம், மிதமாகத்தான் கூர் தாங்கும். 1095-இல் கார்பன் சுமார் 0.95 சதவீதம், குரோமியம் சேர்ப்பதில்லை. உறுதியானது, ஆனால் எலுமிச்சை வெட்டித் துடைக்காமல் விட்டால் கறுக்கும். இசுலாவின் அலகுக்கு மேல்பூச்சு உண்டு, விளிம்பில் கிடையாது. டி2 என்ற இன்னொரு எஃகு துரு விஷயத்தில் இரண்டுக்கும் நடுவே: அதிக நாள் கூர் நிற்கும், தீட்ட அதிக நேரம் எடுக்கும், துரு முழுக்க விலகாது. பழமும் வியர்வையும் உங்கள் பட்டியலில் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு, அவ்வளவுதான்.

படி 8: ஒரு முறையாவது தீட்டிவிட்டு முடிவு சொல்லுங்கள்

தொழிற்சாலையில் பெல்ட்டில் வேகமாகத் தீட்டும்போது விளிம்பின் நுனி சூடேறி மென்மையாகிவிடுவது உண்டு. அதனால் புதுக் கத்தி சீக்கிரம் மழுங்கினால் உடனே எஃகைத் திட்டாதீர்கள். சாணைக்கல்லை நனைத்து, விளிம்பில் ஸ்கெட்ச் பேனாவால் மை பூசி, தீட்டத் தொடங்குங்கள். மை எங்கே அழிகிறது என்று பார்த்தால் கோணம் சரியா என்று தெரியும். ஸ்காண்டி சீவலில் சரிவு முழுவதையும் கல்லில் படிய வைத்தால் போதும், கோணத்தைத் தேட வேண்டியதில்லை. புதிதாகத் தீட்டக் கற்பவர்களுக்கு அதனால்தான் நான் மோராவைக் கையில் கொடுப்பேன். ஒரு பக்கத்தைத் தீட்டி, எதிர்ப்பக்கத்தில் முழு நீளத்துக்கும் மெல்லிய பிசிறு தட்டுப்பட்டதும் மறுபக்கம் திருப்புங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில், விளிம்பு பின்னால் வரும்படி இழுத்துப் பிசிறை எடுங்கள்.

இப்போது அதே மாதிரி அட்டையை எடுத்து மறுபடி பட்டை வெட்டுங்கள். எண்ணிக்கை முதல் தடவையைவிடக் கூடியிருந்தால் குறை தொழிற்சாலை விளிம்பில்தான் இருந்தது, கத்தியை வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று முறை தீட்டியும் அதே இடத்தில் மழுங்கினால், அந்தக் கத்தியின் எஃகு சரியாகப் பதமாகவில்லை என்று சந்தேகிக்கலாம். தீட்டிய கத்தியைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார், ஆனால் தயாரிப்பாளர் உத்தரவாதம் தந்திருந்தால் பட்டை எண்ணிக்கையையும் விளிம்பின் படத்தையும் அனுப்பிக் கேளுங்கள்.