இத்தாலியச் சொல்லின் தலையில் ஒரு 'ஸ்': வேரைத் தேடும் முறை

இத்தாலியில் உணவகத்தில் சாப்பிட்டு முடித்ததும் மேசைக்கு வருவது 'கோன்தோ', அதாவது பில். கடை வாசலில் ஒட்டி ஆளை இழுப்பது 'ஸ்கோன்தோ', தள்ளுபடி. தலையில் ஒரு 'ஸ்' ஏறியதும் காசு குறைந்துவிடுகிறது. இந்த ஓரெழுத்து முன்னொட்டின் வேரை, ஓர் அகராதி இருந்தால் நாமே தேடலாம்.

முதல் படி: சொல்லின் முதல் எழுத்தை விரலால் மறையுங்கள். 'ஸ்ஃபோர்த்தூனா' துரதிர்ஷ்டம், மறைத்தால் 'ஃபோர்த்தூனா', அதிர்ஷ்டம். நம் நியாயம், அநியாயம் மாதிரிதான்.

இரண்டாம் படி: மிஞ்சிய சொல்லின் பொருள் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பலரும் வழுக்கி விழுவது இங்கேதான். 'ஸ்கார்ப்பா' என்றால் காலணி. மறைத்தால் 'கார்ப்பா', ஒரு நன்னீர் மீன். மீன் அல்லாதது காலணி என்று எவரும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். இதைத் தள்ளிவிடுங்கள்.

மூன்றாம் படி: 'ஸ்' செய்யும் வேலையைக் குறித்துக்கொள்ளுங்கள். 'காரிக்காரெ' சுமை ஏற்றுவது, 'ஸ்காரிக்காரெ' இறக்குவது. 'புச்சா' பழத்தோல், 'ஸ்புச்சாரெ' அதை உரிப்பது. ஆனால் 'பாத்தெரெ' அடிப்பது என்றால் 'ஸ்பாத்தெரெ' அடிக்காமல் இருப்பதல்ல; கதவை அறைந்து சாத்துவது! சில இடங்களில் 'ஸ்' மறுக்காது, வேகம் கூட்டும்.

நான்காம் படி: லத்தீனுக்குப் போங்கள். பெரும்பாலும் அங்கே காத்திருப்பது 'எக்ஸ்', வெளியே என்று பொருள். மெய்யெழுத்துக்கு முன்னால் அதன் எகரமும் ககரமும் தேய்ந்து 'ஸ்' மட்டும் மிஞ்சியது. 'ஸ்பெந்தெரெ', செலவழிப்பது, லத்தீனில் 'எக்ஸ்பெந்தெரெ': எடை போட்டுக் கொடுப்பது. உலோகத்தை நிறுத்துப் பணமாகக் கொடுத்த காலத்தின் தராசு அந்தச் சொல்லுக்குள் இன்னும் தொங்குகிறது. சில சொற்களில் மூலம் 'டிஸ்'. 'ஸ்கோப்ரீரெ', மூடியிருப்பதைத் திறப்பது, 'டிஸ்கோஓப்பெரீரெ'யிலிருந்து வந்தது.

ஐந்தாம் படி: மறைத்தபின் உருப்படியாக ஏதும் மிஞ்சவில்லையா? அந்த இடத்தில் வேறு முன்னொட்டை வைத்துப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இங்கேதான் கிடைத்தது: 'ஸ்கோர்தாரெ', மறப்பது. 'ஸ்'ஸை எடுத்து 'ரி' வைத்தால் 'ரிக்கோர்தாரெ', நினைவுகூர்வது. நடுவில் இருப்பது லத்தீன் 'கோர்', இதயம். நெஞ்சுக்குத் திரும்பக் கொண்டுவந்தால் நினைவு. நெஞ்சைவிட்டு வெளியேற்றினால் மறதி.

அகராதியில் அதை அடுத்தே இன்னொரு 'ஸ்கோர்தாரெ' இருக்கும்: வாத்தியத்தின் சுருதியைக் கலைப்பது. சுருதி சேர்ப்பதைக் குறிக்கும் 'அக்கோர்தாரெ'யின் எதிர்ச்சொல் அது. இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள்.