எண்ணூர் மீனை வச்சு ரிஸ்க் கணக்கு போடறவங்க பண்ற தப்புங்க

போன வாரம் புதுசா சேந்த ரெண்டு பசங்க எண்ணூர் முகத்துவாரத்து மீன்ல நச்சு உலோகம் எவ்ளோன்னு பாத்த ரிப்போர்ட்டை எடுத்துட்டு வந்து காட்டுனாங்க, கடைசி பக்கத்துல "உடல்நலப் பாதிப்பு இல்லை"ன்னு கொட்டை எழுத்துல. இதே வரியை எழுதி நானும் மூக்கு ஒடஞ்சவன். சாம்பிள் எடுக்கறப்ப பாட்டில்ல லேபிள் ஒட்டுங்க, ஐஸ் போடுங்கன்றதெல்லாம் இங்க சொல்லப் போறதில்ல.

யாரோ திங்கற அளவை இங்க போடறது

அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, ஈபிஏ, 2000-ல கையேட்டுல குடுத்த ஒரு நம்பர் இருக்கு, ஆளுக்கு தினம் 17.5 கிராம் மீன், எடை 70 கிலோ. அப்படியே எக்செல்ல தட்டிடறாங்க. அதே கையேட்டுலயே மீன் புடிச்சு அதையே நம்பி சாப்புடறவங்களுக்கு 142.4 கிராம்னு தனியா இருக்கு, அந்த வரி வரைக்கும் நானும் அன்னைக்கு போகல.

காட்டுக்குப்பத்துல ஒரு அக்காகிட்ட தினம் எவ்ளோ மீன்க்கா சாப்புடுவீங்கன்னு கேட்டேன், அதுவும் ரிப்போர்ட்டை அனுப்புன அப்புறம், அதான் கொடுமை. "கிராம் பாத்தா துன்னுவாங்க, சட்டில கீற வரிக்கும்தான்பா"ன்னு மூடியைத் தொறந்து காட்டுச்சு. மடவை தலையோட கெடக்குது, கூடவே நண்டு. நாங்க லேபுக்கு அனுப்புனது வெறும் சதை. நண்டு ஓட்டுக்குள்ள கொழகொழன்னு மஞ்சளா இருக்குமே, அதை வழிச்சு சாப்புடுவாங்க, காட்மியம்ங்கற நச்சு உலோகம் அதிகமா சேர்றதே அங்கதான்.

ஒரு பேச்சுக்கு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் காட்மியம்னு வச்சுக்கோங்க. சாப்பாட்டுல அதுக்கு ஈபிஏ வச்ச எல்லை, உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு தினம் 0.001 மில்லிகிராம். 17.5 கிராம், 70 கிலோ ஆளுன்னா எல்லையில 0.125 பங்குதான், ஜாலி. 150 கிராம், 50 கிலோ அக்கான்னா 1.5 மடங்கு. மீன் அதேதான், லேப் ரிசல்ட் அதேதான்! அப்புறம் ரெண்டு மாசம் தராசைத் தூக்கிட்டு குப்பம் குப்பமா அலைஞ்சோம், பாதி செலவு கைக்காசு. இப்பவும் அந்த 17.5-ஐ எங்கயாவது பாத்தா எரியுது.

காஞ்ச எடையா, ஈர எடையா

லேப் குடுத்த நம்பர் இதுல எதுக்குன்னு கேட்டுட்டு போடுங்க. மீன்ல முக்கால்வாசி தண்ணி, மாத்திப் போட்டா நாலு மடங்கு எகிறும்.

"கண்டறியப்படவில்லை"ன்னா பூஜ்யம் இல்ல

லேப் கருவி புடிக்கற அளவுக்குக் கீழ இருக்குன்னுதான் அர்த்தம், அவ்ளோதான்.

ஆர்செனிக்

இது நேர் எதிர் தப்பு. கடல் மீன்ல இருக்கற ஆர்செனிக்ல பெரும்பகுதி அவ்வளவா விஷமில்லாத கரிம வடிவம். மொத்தத்தையும் கனிம ஆர்செனிக்கா எடுத்துக்கிட்டு ஊரைப் பயமுறுத்தாதீங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெய் வந்து வலை, போட்டுனு எல்லாம் கறுத்துப் போன ஜனங்க அவங்க, உங்க ஒரு தப்பு நம்பரால மார்க்கெட்டுல கூடை அப்படியே திரும்பி வரும்.

பசங்க தராசு வாங்க மூர் மார்க்கெட் பக்கம் போயிருக்காங்க.