ஹீராபாய் டாடாவைத் தமிழ் மேடையில் ஏற்றுவது: மும்பைக் குழுக்களுக்கு ஓராள் நாடகக் குறிப்புகள்

பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடிய ஒருவரைப் பற்றி ஓராள் நாடகம் போட நினைக்கும் மும்பைத் தமிழ்க் குழு பிரிட்டிஷ் வாக்குரிமைப் போராளி எம்மலின் பேங்க்ஹர்ஸ்டைத் தேடி லண்டன் வரை போகத் தேவையில்லை. இந்த ஊரிலேயே ஹீராபாய் டாடா என்ற பார்சிப் பெண் இருந்தார் (1879–1941). 1911-இல் காஷ்மீரில், பிரிட்டனில் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய சோபியா துலீப் சிங்கைச் சந்தித்தபோது, அவர் குத்தியிருந்த வாக்குரிமை பேட்ஜ்தான் ஹீராபாயை இந்தப் பக்கம் இழுத்தது. 1917-இல் சென்னை அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தின் பம்பாய்க் கிளைக்கு அவர் செயலாளரானார். 1919-இல் மகள் மிதனோடு லண்டன் போய், இந்திய அரசுச் சட்ட மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவிடம் பெண்களுக்கு வாக்கு கேட்டு வாதாடினார். சட்டம் வாக்கைத் தரவில்லை. மாகாணங்கள் விரும்பினால் தரட்டும் என்று தள்ளிவிட்டது. 1921-இல் முதலில் சென்னை மாகாணமும் அடுத்து பம்பாயும் தந்தன.

இவ்வளவையும் பார்வையாளரைப் பார்த்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால் அது நாடகம் ஆகாது, பள்ளி விழாப் பேச்சாகிவிடும். ஓராள் நாடகத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது இவர் யாரிடம் பேசுகிறார் என்பது. வாக்குரிமை கேட்பவர் தர மறுப்பவரிடம்தான் பேசுகிறார். அதனால் காட்சிக்கு ஒரு கேட்பவர், அவரிடமிருந்து ஹீராபாய்க்கு ஆக வேண்டிய ஒரு காரியம் என்று எழுதுங்கள். கப்பலில் கேட்பவள் மகள்: அவள் பயத்தைப் போக்க வேண்டும். நாடாளுமன்றக் குழு அறையில் கேட்பவர்கள் அந்தக் குழுவின் பிரபுக்கள்: அடுத்த கேள்வி வருவதற்குள் ஒரு பதிலை முடிக்க வேண்டும். விடுதி அறையில் கேட்பவர் பம்பாய்த் தோழி: அவருக்கு எழுதும் கடிதத்தில் தோல்வியை மறைக்காமல், அவர் மனம் உடையாமல் சொல்ல வேண்டும். ஐந்து காட்சி போதும். ஒவ்வொன்றுக்கும் இந்த ‘வேண்டும்’ ஒரே வரியில் எழுத வரவில்லையென்றால் அந்தக் காட்சி இன்னும் தயாராகவில்லை.

கேட்பவர் இருப்பதாக நடிகை பார்த்துப் பேச வேண்டிய இடத்தை, அதாவது பார்வைப் புள்ளியை, குறியுங்கள். பிரபுக்கள் கடைசி வரிசைக்குச் சற்று மேலே, நடுவிலிருந்து இடப்பக்கம். மிதன் வலப்பக்கம், மூன்றடி தள்ளி, நாற்காலியில் உட்கார்ந்தவளின் கண் உயரத்தில். ஒத்திகை அறையில் சுவரில் டேப் ஒட்டிப் பழகுங்கள். புள்ளி ஓர் அடி நகர்ந்தாலும் பிரபு திடீரென்று வேறு ஆளாகிவிடுவார். ஒரே நடிகை தலையை இப்படியும் அப்படியும் திருப்பி இரண்டு குரலில் கேள்வி பதில் சொல்வது சிரிப்பைத்தான் கிளப்பும். பிரபுவின் கேள்வி பார்வையாளர் காதில் விழவே வேண்டாம். ஹீராபாயின் பதிலிலிருந்தே கேள்வி புரிய வேண்டும்.

தமிழ் வசனத்தை நிமிடத்துக்கு 75 முதல் 80 சொல் என்று வையுங்கள். 55 நிமிடத்துக்கு 4,200 சொல்லைத் தாண்டினால் நடிகை ஓடத் தொடங்குவார், மௌனங்கள் போய்விடும். ஹீராபாய்க்குப் பார்சி உச்சரிப்பு ஏற்றாதீர்கள். அது அவரைக் கேலிப் பொருளாக்கும். வட்டார வாசனை அதிகம் இல்லாத இயல்பான பேச்சுத் தமிழ் கொடுங்கள். நாடாளுமன்றக் குழு முன் பேசும்போது மட்டும் வாக்கியம் நீண்டு நிமிரட்டும்.

தகவலில் வழுக்கும் இடங்கள் மூன்று. பம்பாய் 1921-இல் வாக்கு தந்தபோது தாயும் மகளும் லண்டனில் இருந்தார்கள். எனவே சட்டசபை வாசலில் ஹீராபாய் நிற்கும் காட்சி கூடாது, செய்தி வந்து சேர்வதுதான் காட்சி. கிடைத்த உரிமை சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும், அதனால் வெற்றி முழக்கத்தோடு முடிப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகம். 1951–52 முதல் பொதுத்தேர்தலில் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டும் பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மனத்தை உலுக்கும் தகவல்தான், ஆனால் ஹீராபாய் 1941-இலேயே மறைந்துவிட்டார். அதை அவர் வாயில் வைக்காமல் அரங்கக் கையேட்டில் அச்சிடுங்கள். 1941-இல் மறைந்தவர் என்பதால், அவர் வாழ்நாளில் வெளியான எழுத்துகளுக்கு இந்தியப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. மிதனின் நினைவுக்குறிப்புகளிலிருந்து வரி எடுக்க அனுமதி வேண்டும்.

சேலை பார்சி முறையில், முந்தானை பின்னாலிருந்து வலத்தோள் வழியாக முன்னால் வர வேண்டும். நம் பழக்கத்தில் இடத்தோளில் போட்டால் மும்பைப் பார்வையாளர் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். தோளில் இரண்டு ஊக்கு போதாது, உள்பக்கமாக ஒரு தையலும் போடுங்கள். சாமான்கள்: ஒரு பெட்டி, நாற்காலி, காகிதக் கட்டு, தண்ணீர்க் கூஜா, பேட்ஜ். பேட்ஜ் நிஜ அளவில் இருந்தால் மூன்றாம் வரிசைக்கே தெரியாது, 6 செ.மீ.க்குச் செய்யுங்கள்.

200 பேர் வரை அமரும் அரங்கில் மைக் வேண்டாம். பெரிய அரங்கில் சட்டை மைக் வைத்தால் பட்டுச்சேலை உரசி சரசரக்கும். கூந்தல் ஓரமாகவோ கன்னத்திலோ ஒட்டும் மைக் நல்லது. மழைக்காலத்தில் தகரக் கூரை அரங்கு எடுக்காதீர்கள். விளக்குக்கு ஒரு பொது வெளிச்சமும் மூன்று ஸ்பாட்டும் போதும். மேடையை முழுதும் இருட்டாக்கும் ப்ளாக்அவுட்டைக் காட்சிக்குக் காட்சி போட்டால் தனியாக நிற்பவரின் இழை அறுந்துவிடும்.

மகாராஷ்டிரத்தில் பொது மேடையேற்றத்துக்கு நாடகப் பிரதியை மாநில நாடகத் தணிக்கைக் குழுவிடம் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். அரங்கு முன்பதிவுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். சான்று வாங்கிய பிரதியில் பிறகு காட்சி சேர்க்கவும் கூடாது. ஞாயிறு மாலைக் காட்சியென்றால் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் ரயில்வே மெகாபிளாக் அறிவிப்பைப் பாருங்கள். டோம்பிவிலியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ வரும் விளக்குக்காரர் பகல் தொழில்நுட்ப ஒத்திகைக்கு வராமல் போக அது போதும்.

வசனம் மறந்தால் மேடையில் எடுத்துக்கொடுக்க சக நடிகர் இல்லை. அதனால் ஒவ்வொரு காட்சியின் முதல் வரியையும் ஒரு சாமானைத் தொடும் செயலோடு கட்டுங்கள்: பெட்டி திறந்தால் கப்பல், காகிதத்தைத் தட்டி அடுக்கினால் குழு அறை. நடுவில் வெறுமை வந்தால் கூஜாவிலிருந்து தண்ணீர் குடிக்கலாம். அதைக் காட்சிக்கு ஒருமுறை திட்டமிட்டே வைத்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கக் கூடாது, தொண்டை இறுகும். கடைசி இரண்டு வார ஒத்திகைகளில் இயக்குநர் ஏதோ ஓரிடத்தில் கைதட்டி நிறுத்தி, சாமானைக் காட்டி அங்கிருந்தே தொடரச் சொல்லட்டும். நடிகை யோசிக்காமல் தொடர்ந்தால் மேடைக்குப் போகலாம்.