வீட்டு வீடியோ சர்வருக்கு ஜெல்லிஃபின்

பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறதா? அதில் ஜெல்லிஃபின் என்ற வீடியோ சர்வர் மென்பொருளை நிறுவிப் பாருங்கள். கல்யாண வீடியோ, குழந்தைகளின் ஆண்டு விழா, சொந்த டிவிடிகள் எல்லாவற்றையும் வீட்டு டிவியிலும் போனிலும் பார்க்கலாம்.

இதே வேலையைச் செய்யும் ப்ளெக்ஸ் என்ற மென்பொருள் அமைப்பதற்கு எளிது, ஆனால் சில வசதிகளுக்குச் சந்தா கேட்கும். எம்பி (Emby) என்ற இதே வகை மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது ஜெல்லிஃபின். முழுக்க இலவசம். என் ஓட்டு இதற்குத்தான்.

நிறுவியதும் பிரவுசரில் அந்த லேப்டாப்பின் ஐபி முகவரியோடு :8096 சேர்த்துத் திறங்கள். லைப்ரரி அமைப்பில் மொழியைத் தமிழாக மாற்றினால், கிடைக்கும் படங்களுக்குக் கதைச்சுருக்கம் தமிழிலேயே வரும். ஒவ்வொரு படத்தையும் தனி ஃபோல்டரில் வைத்து, பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ஆண்டைப் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒரே பெயரில் வந்த பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் போஸ்டர் மாறிப்போகும்.

வீடியோ திக்கித் திக்கி ஓடினால் உடனே இன்டர்நெட்டைக் குறை சொல்ல வேண்டாம். டாஷ்போர்டில் பாருங்கள்: 'டிரான்ஸ்கோடிங்' என்று காட்டினால், உங்கள் டிவிக்குப் புரியாத வடிவத்தை லேப்டாப் அந்த நொடியே மாற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பிளேபேக் பகுதியில் ஹார்டுவேர் முடுக்கத்தை (மாற்றும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) இயக்குங்கள். இன்டெல் சிப் என்றால் அங்கே குவிக் சிங்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ப்ளூரே டிஸ்க்கிலிருந்து எடுத்த, எழுத்தாக இல்லாமல் இமேஜாக இருக்கும் சப்டைட்டில்களும் இதே சிக்கலைத் தரும். வெறும் எழுத்தாக இருக்கும் எஸ்ஆர்டி (.srt) சப்டைட்டில் கோப்பே நல்லது. அதை யூடிஎஃப்-8 (UTF-8) என்கோடிங்கில் சேமியுங்கள், தமிழ் எழுத்து சிதையாது.

ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து, இன்டர்நெட்டில் இருக்கும் யாரும் சர்வரை எட்டும்படி விடாதீர்கள். வெளியூரிலிருந்து பார்க்க, உங்கள் கருவிகளை மட்டும் தனியாக இணைக்கும் டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் செயலி போதும்.