பைகளுக்குக் காவல் அம்மாவா? நீர் விளையாட்டுப் பூங்காவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊர்களிலிருந்து காரும் வேனுமாகக் குடும்பங்கள் தம்புன் பக்கம் கிளம்பிவிடும். மலேசியாவின் ஈப்போவை ஒட்டிய சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே லாஸ்ட் வேர்ல்ட் ஆஃப் தம்புன் என்ற நீர்ப் பூங்கா 2004-இல் திறக்கப்பட்டதிலிருந்து, நீரில் ஆட ஆசைப்படும் பிள்ளைகளைக் கோலாலம்பூர் வரை அழைத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், கூடவே அம்மா. இப்படிப் போகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, வாசலைத் தாண்டிய பத்து நிமிடத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

எந்த நீர்ப் பூங்காவுக்குப் போனாலும் நிழற்குடைகளின் கீழே பார்க்கலாம். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் நைலக்ஸ் சேலையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் ஏழெட்டுப் பைகள். மடியில் மூன்று கைப்பேசிகள், மருமகனின் மூக்குக்கண்ணாடி, பேரன் பாதி கடித்துத் தந்த பிஸ்கட். கழற்றிப் போட்ட செருப்புகளை ஜோடி சேர்த்து அவரே வரிசையாக வைத்திருப்பார். “நீங்களும் வாருங்கள் அம்மா” என்று சம்பிரதாயத்துக்கு ஒருமுறை கேட்டிருப்பார்கள். “நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய் விளையாடுங்கள்” என்று அவரும் சொல்லியிருப்பார். அதோடு விஷயம் முடிந்தது. சும்மா உட்கார வருகிறவருக்கு இலவச வாசல் பெரும்பாலான பூங்காக்களில் கிடையாது; அவருக்கும் டிக்கெட் எடுத்துத்தான் அழைத்து வந்திருக்கிறார்கள். லாக்கர் வாடகையை மிச்சம் பிடிப்பதற்காக அதைவிட அதிக விலை கொடுத்து ஒரு காவலாளியைக் கூட்டி வரும் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை.

அவர் மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பயமோ வயதோ அல்ல, உடை. நீர்ப் பூங்காக்களில் லைக்ரா, நைலான் போன்ற துணியில் தைத்த நீச்சலுடைக்குத்தான் அனுமதி. சேலை, கைலி, ஜீன்ஸ் கூடாது; பருத்தி டீ-சட்டையையும் பல இடங்களில் விடமாட்டார்கள். இது வீண் கெடுபிடி அல்ல. பருத்தி நீரைக் குடித்துக் கனத்து உடலை இழுக்கும். அதன் நூலும் பிசிரும் வடிகட்டியில் போய் அடைக்கும். ஜிப்பும் பித்தளைப் பொத்தானும் சறுக்குக் குழாயின் வழவழப்பைக் கீறிவிடும். இந்த விதி பூங்கா வாசலில் போய்த்தான் அம்மாவுக்குத் தெரிகிறது என்றால் தவறு அவருடையது அல்ல. நீச்சல் குளம் என்பது துரைமார் கிளப்புக்குள் இருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். நீச்சலுடை வாங்கும் அவசியம் அவருக்கு எப்போது வந்திருக்கும்?

நம் நாட்டில் இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. முஸ்லிம் பெண்களுக்காகத் தைக்கப்படும் முழுநீள நீச்சலுடை பேரங்காடியிலும் கிடைக்கிறது, இரவுச் சந்தையிலும் கிடைக்கிறது. முழுக்கை, கணுக்கால் வரை கால்சட்டை, மேலே தொடையை மறைக்கும் பாவாடைபோன்ற மடிப்பு. தலைமூடியை விட்டுவிட்டால், கூச்சப்படும் எந்தத் தமிழ் அம்மாவுக்கும் அது பொருந்தும். ஓர் அளவு பெரிதாகவும் அடர்ந்த நிறத்திலும் வாங்குங்கள். புறப்படுவதற்கு முந்தைய நாளே வீட்டில் போட்டு, உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் விலையும் கூடும், அளவும் கிடைக்காது, “எனக்கெதற்கு இவ்வளவு செலவு” என்று அவர் அங்கேயே மறுத்தும் விடுவார். அப்பாவுக்கு முழங்கால் வரை வரும் நீச்சல் கால்சட்டை போதும்.

நகை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். வளையல், அட்டிகை வீட்டிலேயே இருக்கட்டும். தாலியைக் கழற்றச் சொல்லி வாசலில் வாதாடுவதால் ஒரு பயனும் இல்லை. கழுத்து மூடிய நீச்சலுடைக்குள் அது அடங்கிவிடும். சறுக்குகளில் ஏறாதவருக்கு அதனால் இடைஞ்சல் இல்லை.

அடுத்த தவறு நேரம். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டப் போன அம்மா விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நின்று பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் ஐந்து மணிக்குக் குளித்து, தலை வாரி, பையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டு வாசல் ஐந்தடியில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் ஒன்பதுக்கு எழுந்து, பத்துக்குப் பசியாறி, பன்னிரண்டுக்குப் பூங்கா வாசலில் நிற்பார்கள். அதற்குள் அம்மாவின் நாளில் நல்ல பகுதி கரைந்துவிடுகிறது.

பூங்காக்கள் பொதுவாகப் பத்து அல்லது பதினொரு மணிக்குத்தான் திறக்கின்றன; வாரத்தில் ஒரு நாள் மூடுவனவும் உண்டு, ஆகவே முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பத்து மணி என்றால் வெயில் ஏறிவிடுமே என்று அஞ்ச வேண்டாம். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வந்தது. அதன் விளைவாக, ஈப்போவில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ ஒன்றே கால் மணிக்கு. கடிகாரம் பத்து காட்டும்போது வெயிலின் கணக்கில் அது ஒன்பதுகூட ஆகாத நேரம். திறக்கும்போது உள்ளே போய் ஒரு மணிக்குள் கரையேறினால் கடும் வெயிலை ஓரளவு தவிர்த்துவிடலாம்.

இடிமழைக்கும் இதே கணக்குதான். பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி இறங்கும். மின்னல் நெருங்கினால் உயிர்காப்பாளர்கள் விசில் ஊதி எல்லாரையும் நீரிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். டிக்கெட் பணம் பொதுவாகத் திரும்பாது. டிக்கெட் என்றதும் ஒன்று: அம்மாவின் மைகார்ட் அடையாள அட்டையை மறக்காதீர்கள். மலேசியர்களுக்கும் 60 வயது கடந்தவர்களுக்கும் விலை குறைத்திருக்கும் இடங்களில் அட்டையைக் காட்டினால்தான் சலுகை.

சீக்கிரம் கிளம்பும் அவசரத்தில் பசியாறாமல் அழைத்துப் போவது ஆபத்தான தவறு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அம்மாவுக்கு இனிப்புநீர் இருந்து, காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நீரில் இறங்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வியர்வை, நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். நீருக்குள் நனைந்திருப்பவரின் வியர்வை யார் கண்ணுக்குத் தெரியும்? இன்சுலின் போடுகிறவர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். வெந்நீர் பட்டால் இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக இரத்தத்தில் சேரும்.

வீட்டிலேயே தோசையோ இட்லியோ சாப்பிட்டுக் கிளம்பட்டும். வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். நோயாளி என்று முன்கூட்டியே சொல்லி, குளுக்கோஸ் மாத்திரையோ இனிப்பு மிட்டாயோ கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அறிகுறி தெரிந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அளவுக்கு ஏதாவது கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். இன்சுலின் பேனாவைக் காரில் விட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் சூட்டில் மருந்து கெட்டுவிடும்.

தம்புன் என்றாலே வெந்நீர் ஊற்று நினைவுக்கு வரும். “மூட்டுவலிக்கு நல்லது, உட்காருங்கள் அம்மா” என்று அவரை அங்கே இறக்கிவிட்டு, மற்றவர்கள் அலைக்குளத்துக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்புவார்கள். மூட்டுக்கு இதமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வெந்நீரில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்குகிறது. ஏற்கெனவே இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது இன்னும் இறங்கும். உள்ளே இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. எழுந்து படியில் கால் வைக்கும்போதுதான் கண் இருட்டும். பத்து நிமிடம் போதும். இடுப்பளவு நீரில் கொஞ்ச நேரம் இருந்து, படியில் உட்கார்ந்து, பிறகு கைப்பிடியைப் பற்றி எழ வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இதய நோய் உள்ளவர் கிளினிக்கில் கேட்காமல் இறங்கவே வேண்டாம். நீரிழிவால் பாதம் மரத்தவருக்குச் சூடு உறைக்காது, ஆகவே முதலில் நீங்கள் கைவிட்டுப் பாருங்கள். 40 டிகிரிக்கு மேல் என்று பலகை சொன்னால் வேறு குளத்துக்கு அழைத்துப் போங்கள்.

பிறகு எங்கே இறங்குவது? சோம்பல் ஆறு என்று ஒன்று பெரும்பாலான பூங்காக்களில் இருக்கும். வட்டமாக மெல்ல ஓடும் நீரில் ரப்பர் வளையத்தில் மிதந்துகொண்டே போகலாம். முதியவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அங்கே செய்யும் தவறு, வளையத்தில் ஏற்றும் விதம். ஓடும் நீரின் நடுவில் வைத்து ஏற்றப் பார்த்தால் வளையம் வழுக்கிக் கவிழும். படிகள் உள்ள இடத்தில், ஒருவர் வளையத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் முழங்கையைத் தாங்க, அவர் பின்புறமாக உட்கார வேண்டும். இறங்குவதற்கும் அதே இருவர் வேண்டும். உயரச் சறுக்கில் ஏற்றிக் காணொளி எடுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். இதயம், கழுத்து, முதுகு, அண்மையில் அறுவைச் சிகிச்சை என்று நுழைவிடத்தில் எழுதி வைத்திருக்கும் எச்சரிக்கை அவரைப் போன்றவர்களுக்குத்தான். நடக்கும்போது கையைப் பிடித்து இழுக்காமல், முழங்கையைத் தாங்கி அவருடைய வேகத்துக்கு நடங்கள்.

இன்னொரு தவறும் உண்டு. பைகளுக்குப் பதிலாகப் பேரப்பிள்ளைகளை அவரிடம் ஒப்படைப்பது. குழந்தைகள் குளம் ஆழமில்லாதது, பாட்டி பார்த்துக்கொள்வார், நாம் ஒரு சுற்றுச் சறுக்கிவிட்டு வருவோம் என்று போய்விடுகிறார்கள். நீச்சல் தெரியாத, வழுக்கும் தரையில் ஓட முடியாத ஒருவர், இரண்டு வயதுக் குழந்தை குப்புற விழுந்தால் என்ன செய்வார்? குழந்தை மூழ்குவதற்கு முழங்கால் அளவு நீரே போதும். நீரில் மூழ்குகிறவர் கத்துவார், கையை வீசுவார் என்று நினைக்கிறோம். மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் வராது, சத்தமில்லாமல்தான் மூழ்குகிறார்கள். கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுப் பொருள்கள், உயிர்காப்புச் சாதனங்கள் அல்ல. உயிர்காப்பாளர் இருக்கிறார்தான், ஆனால் அவருக்கு ஒரு குளம் நிறையத் தலைகள். நீச்சல் தெரிந்த ஒருவர், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், கைப்பேசி இல்லாமல் நிற்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். பாட்டி கூட விளையாடலாம்; பொறுப்பு அவருடையதாக இருக்கக் கூடாது.

சில்லறைத் தவறுகளும் உண்டு. சன்ஸ்கிரீனை நீரில் இறங்கும் நொடியில் பூசுவது வீண். கால் மணி நேரம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். கறுத்த தோலுக்கு அது தேவையில்லை என்பது தவறான நம்பிக்கை. வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள். சில கிருமிகள் குளோரினிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மூக்கைத் துளைக்கும் ‘குளோரின் வாடை’ சுத்தத்தின் அடையாளமும் அல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாவதுதான் அந்த நெடி. இறங்குமுன் எல்லாரும் ஒருமுறை குளித்துவிட்டுப் போனால் அது குறையும்.

திரும்பும்போது ஈர உடையோடு குளிர்சாதனக் காரில் ஏற்றாமல், உலர்ந்த உடை மாற்றி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து அழைத்து வாருங்கள். அன்று இரவு, அவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும், வெளிச்சத்தில் உட்கார வைத்து இரண்டு பாதங்களையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். நீரில் ஊறிய பாதத்தைச் சிமெண்டுத் தரை லேசாகச் சிராய்த்திருந்தாலும் நீரிழிவுக்காரருக்கு அது தெரியாது. கீறல் இருந்தால் கழுவி மருந்திட்டு, மறுநாளும் பாருங்கள். சிவந்தோ வீங்கியோ இருந்தால் காத்திராமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.